யோகராணி ஓய்வெடுக்கிறாள்

காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தபோது யோகராணி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். வேலையிடத்துச் சாப்பாட்டறையில் ஒரு கதிரையில் இருந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலையைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். எத்தனை கண் என்று அவர் சொல்லவில்லை.

"இப்போதைக்கு ஒண்டு மூடுது. மற்றது மெல்ல மெல்லப் பழகும்," என்பாள், யாராவது சிரித்தால். "ஒரேயடியா ரெண்டையும் மூடினா நீங்கள் மாலை வாங்க ஓடுவியள்."

சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. ஓய்வு நேரத்தில் யாரும் அதை எடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். சட்டம் போட்டவள் யோகராணி. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"ஹலோ, இராஜேஸ்வரி வேலை செய்யிற இடமோ?" இளைஞன் ஒருவனின் குரல். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் தேடி எடுத்து வைத்தது.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லைத் தம்பி. பிழையான நம்பர்."

வைத்துவிட்டு வந்து காலை நீட்டினாள். ஒரு கண்ணை மூடினாள். திரும்பவும் அடித்தது.

"அன்ரி, சொறி, வைச்சிடாதேங்கோ. நான் ராகுலன். அம்மாவை நீங்கள் பேபி எண்டு கூப்பிடுறனீங்கள்."

"அட, நீயே? கொம்மா என்ன செய்யிறா? சொன்னபடி குந்தியிருக்கிறாவோ, இல்லாட்டிக் குசினி அடுப்பைத் தேய்ச்சுக் கழுவுறாவோ?"

மறுமுனையில், பின்னால் யாரோ பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"அம்மா போயிட்டா அன்ரி. காலமை எழும்பேல்லை. நித்திரையிலயே ஹார்ட் நிண்டிட்டுது எண்டு சொல்லுகினம்."

இத்தனை வருடமாக ஒரே விரிப்பின் இரண்டு மூலைகளை இருவருமாகப் பிடித்திருக்கிறார்கள். பேபிக்கு இராஜேஸ்வரி என்று ஒரு பெயர் இருப்பது யோகராணிக்கு அன்றுதான் தெரிந்தது. அலுவலகக் கணினியில் அவளுக்குக் கணவனின் பெயரும் ஓர் ஆங்கில முதலெழுத்தும்தான். சுவரில் தொங்கும் ஷிப்ட் பலகையில் பேபி. அந்தப் பலகையில் எழுதுகிறவளும் யோகராணிதான்.

மார்க்கம் நகரத்தின் எல்லையில், கார் இல்லாவிட்டால் யாரும் போய்ச் சேர முடியாத ஒரு தெருவில் இருக்கிறது அந்தச் சலவைத் தொழிற்சாலை. மருத்துவமனைகளின் கட்டில் விரிப்புகளும் ஹோட்டல்களின் துவாய்களும் அங்கே மலையாக வந்து, மடிப்பாகத் திரும்பிப் போகின்றன. நடுவில் நிற்பது ஒரு நீண்ட இயந்திரம். ஈர விரிப்பை அதன் வாயில் கொடுத்தால் சூடான உருளைகளுக்குள்ளால் போய், மறுபக்கம் காய்ந்து தேய்த்தபடி வந்து விழும். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மூலை. இழுத்து விரித்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருத்தி அரைக் கணம் பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போகும். யோகராணியும் பேபியும் கொடுத்த விரிப்பு கோணிப் போனதாகச் சரித்திரம் இல்லை. காலை முதல் மாலை வரை ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டுதான் கொடுப்பார்கள். இயந்திர இரைச்சலில் பாதி ஏச்சு கேட்காது. கேட்காத பாதிக்கு உதட்டைப் பார்த்துப் பதில் வரும்.

யோகராணிக்கு ஒரு சொல் உண்டு: "விடு, நான் பாக்கிறன்." ஒருத்திக்கு இடுப்பு நோ என்றால், "விடு, நான் பாக்கிறன்." இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "உன்ர ஷிப்டையும் நான் பாக்கிறன்." இதைப் பார்த்துத்தான் அவளைச் சுப்பவைசர் ஆக்கினார்கள். தலைமை தாங்குவது என்றால் எல்லாருடைய வேலையையும் ஒருத்தியே செய்வது என்று அவள் விளங்கிக்கொண்டாள். பகல் சாப்பாட்டை நின்றபடி, ஒரு கையில் பாண் துண்டும் மறுகையில் தலையணை உறையுமாகச் சாப்பிட்டாள். அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு ஹோட்டலில் அறை எடுத்தபோது, பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்து மெத்தையைத் தூக்கி விரிப்பின் ஓரத்தைப் பரிசோதித்தாள். "எங்கட மடிப்பு இல்லை," என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தாலி கட்டுவதைப் பார்க்கப் போனாள்.

போன வருடம் குளிர் காலத்தில் ஒரு நாள், வேலைக்கு வந்து காரை நிறுத்தியவளுக்கு இறங்க முடியவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கை விடவில்லை. கால் அசையவில்லை. கார் பழுது என்று நினைத்தாள். மறுகையால் இழுவை வண்டிக்குத் தொலைபேசி அடித்தாள். வந்த மனிதன் அவளை மெல்ல மறுபக்கம் நகர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினான். கார் பூனைக்குட்டி போல உறுமியது. முன்னுக்கு எடுத்தான், பின்னுக்கு எடுத்தான், காரில் ஒரு குறையும் இல்லை என்றான். அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். அவன் பயந்துபோய்த் தன்னுடைய கோப்பியை அவளிடம் கொடுத்தான்.

"கார் நல்லாத்தான் இருந்தது. பழுதாப்போனது நான். அதை இழுக்கிறதுக்கு அவனிட்டை வண்டி இல்லை," என்று இந்தக் கதையை அவளே கோப்பி இடைவேளையில் நடித்துக் காட்டுவாள், உறுமல் சத்தத்தோடு.

டொக்டர் இதற்கு 'பேர்ன் அவுட்' என்று ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். யோகராணி வீட்டுக்கு வந்து, "எல்லாம் எரிஞ்சு போச்சாம்," என்றாள். கணவர் சண்முகநாதன் அடுப்பைப் பார்க்க ஓடினார்.

மூன்று மாத லீவு கிடைத்தது. ஓய்வையும் அவள் வேலையாகவே செய்தாள். முதல் கிழமையே சண்முகநாதனின் சேட்டுகள், காற்சட்டைகள் எல்லாம் ஹோட்டல் மடிப்புக்கு மாறின. நடந்தால் நல்லது என்றார்கள். டோர்செட் பார்க்கில் தங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கும் பெண்கள் சேர்ந்து நடக்கும் குழு ஒன்றில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் அந்தக் குழுவுக்கு ஒரு நேரமும், நேரத்துக்கு வராதவர்களுக்கு ஒரு முறைப்பும், முன்னால் நடப்பதற்கு யோகராணியும் வந்து சேர்ந்தன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரி நோ என்று ஓர் அன்ரி நின்றபோது, "விடுங்கோ, உங்கட பங்கையும் நான் நடக்கிறன்," என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழ, நடைபாதையில் நின்று தனியே சிரித்தாள்.

கணினித் திரையில் கிழமைக்கு ஒரு முறை மெலிசா வருவாள். இங்கே பிறந்த பிள்ளை, மனநல ஆலோசகர்.

"அன்ரி, உங்கட பெஸ்ட் ஃப்ரெண்டுக்குக் களைப்பு எண்டா என்ன சொல்லுவீங்களோ, அதையே உங்களுக்குச் சொல்லிப் பாருங்கோ. பி கைண்ட், ஓக்கே?"

அடுத்த கிழமை, "ட்ரை பண்ணினீங்களா அன்ரி?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு வடிவாச் சொன்னன்."

"வாவ். என்ன சொன்னீங்கள்?"

"'எடி எருமை, செத்துத் துலையப்போறியே, போய்ப் படடி' எண்டன்."

மெலிசா அசையாமல் இருந்தாள். இணையம் அறுந்துவிட்டது என்று யோகராணி நினைத்தாள்.

"அன்ரி, ஃப்ரெண்டுக்கு அப்பிடியா சொல்லுவீங்கள்?"

"வேற எப்பிடிச் சொல்லுறது? மரியாதையாச் சொன்னா நான் கோவம் எண்டெல்லோ பேபி நினைப்பாள்."

மெலிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "சரி, அவ உங்களுக்கு என்ன சொல்லுவா?"

யோகராணி யோசித்தாள். பேபியும் முதலில் ஏசத்தான் ஏசுவாள். ஏச்சு முடிந்த பிறகு ஒரு கதிரையைக் காலால் தள்ளி விட்டு, முகத்தைப் பாராமல், "குந்தடி கொஞ்சம்," என்பாள். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் யோகராணி ஒரு தரமும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. இதையெல்லாம் மெலிசாவிடம் சொன்னாள்.

"அன்ரி, அதைத்தான்," என்றாள் மெலிசா. "அதைச் சொல்லுங்கோ."

வேலைக்குத் திரும்பியவள் கதிரைகளோடு திரும்பினாள். இயந்திரத்தடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு கதிரை. முறை வைத்து எல்லாரும் இருக்க வேண்டும். பகல் சாப்பாடு இருந்துதான் சாப்பிட வேண்டும். மனேஜர் கஸ்பர், மன்னார் மனிதர், கதிரைகளைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"யோகராணி, இது லோண்ட்ரியோ, கலியாண மண்டபமோ?"

"கலியாண மண்டபம்தான் அண்ணை. மாப்பிள்ளை நீங்கள். குந்துங்கோ."

பெண்கள் கதிரைகளில் இருக்கவில்லை. சும்மா இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்ற கூச்சம். அவர்களை இருக்க வைப்பதற்காக யோகராணி ஓடி ஓடி உழைத்தாள். ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து அமுக்கி இருத்தினாள். அன்று மாலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு களைத்துப்போய் வந்தவளைப் பார்த்துப் பேபி, "எல்லாரையும் குந்த வைக்கிற நீ எப்பயடி குந்துவாய்?" என்றாள். "நீ குந்தினாத்தானே அதுகள் குந்துங்கள், மொக்கு."

அதற்குப் பிறகுதான் இந்தப் பத்தேகால் ஓய்வு. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால், காலை நீட்டிக்கொண்டு. சுப்பவைசரே இருக்கிறாள் என்று கண்ட பிறகு மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக இருக்கப் பழகினார்கள். கதிரை மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்று யோகராணி நெளிந்ததைக் கண்ட பேபி, கழித்துப் போட்ட துவாய்களை வெட்டி அவளுக்கு ஒரு குஷன் தைக்கத் தொடங்கினாள். இடைவேளைகளில் மட்டும் தைத்தாள். மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கத்தில் ஊசி நிற்கும்போதே யோகராணி அதில் இருக்கத் தொடங்கிவிட்டாள். எழும்பும் போதெல்லாம் திறந்த பக்கத்தால் துவாய்த் துண்டுகள் கோழி வால் போலப் பின்னால் தொங்கும்.

"ஊசி கிடக்கு, பாத்துக் குந்து," என்பாள் பேபி ஒவ்வொரு நாளும். 

பேபிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதை முதலில் கண்டவளும் யோகராணிதான். விரிப்பின் மறு மூலையில் இழுவை குறைந்தது கைக்குத் தெரிந்தது. கஸ்பரோடு வாதாடி லீவு எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு கிழமை குந்து. டொக்டரிட்டைப் போ. இஞ்ச வந்தியெண்டா காலை முறிப்பன்," என்று வோபர்னில் பேபியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். அது போன வெள்ளிக்கிழமை.

இப்போது தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவளின் வாய், அவளைக் கேட்காமலே திறந்தது.

"தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. மண்டபம், ஐயர், சாப்பாடு, ஆக்களுக்குச் சொல்லுறது, எல்லாம் விடு, நான் பா..."

அங்கே நின்றது. அந்தப் பழைய சொல் தொண்டைவரை வந்து, கார் நிறுத்துமிடத்தில் கால் நின்றது போல நின்றது.

"சித்தப்பா ஆக்கள் நிக்கினம் அன்ரி. நாங்கள் பாக்கிறம். நீங்கள் வாங்கோ, போதும்."

சாப்பாட்டறையிலிருந்து இயந்திரத்தடிக்கு நடக்கும் தூரத்தில் யோகராணி தன்னை ஏசி முடித்தாள். பாத்தியோ, குந்து குந்து எண்டாய், ஆள் ஒரேயடியாக் குந்திட்டுது. பெரிய தலைவி. லீவு கொடுக்கிறாவாம். இஞ்ச நிண்டிருந்தா என்ர கண்ணுக்கு முன்னால எண்டாலும் நிண்டிருப்பாள். இன்னொரு குரல், கொஞ்சம் தாமதமாக, இங்கே நின்றிருந்தால் சூட்டு உருளைகளுக்கு முன்னால்தானே விழுந்திருப்பாள் என்றது. எந்தக் குரலை நம்புவது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தாள். பேபியின் இடத்தில் நின்ற பெண்ணை விலக்கிவிட்டு, ஒரு மூலையைப் பிடித்தாள். மறு மூலையில் நிலாணி. வயதில் இளையவள், போன வருடம்தான் சேர்ந்தவள்.

ஒருத்திக்கும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் ட்ரக் மத்தியானம் வரும். ஷிப்ட் முடியச் சொல்லலாம். அழுகிறவர்கள் வீட்டுக்குப் போய் அழட்டும். பழைய யோகராணி இப்படித்தான் கணக்குப் போடுவாள்; அவள் எங்கும் போய்விடவில்லை, சும்மா காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். விரிப்புகள் போயின. ஒன்று, இன்னொன்று. பிறகு ஒன்று கோணிக்கொண்டு போனது. உருளைக்குள் சுருண்டு, மறுபக்கம் கசக்கிய கடதாசி போல வந்து விழுந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யோகராணியின் கையால் போன விரிப்பு.

"அக்கா, என்னக்கா? கை நடுங்குது," என்றாள் நிலாணி.

"ஒண்டுமில்லை. அடுத்ததை எடு."

"எடுக்க மாட்டன். நீங்கள்தானே சொன்னனீங்கள், கை நடுங்கினா நிப்பாட்டச் சொல்லி."

யோகராணி அவளைப் பார்த்தாள். தான் போட்ட சட்டத்தைத் தன் மீதே யாராவது பாவிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"பேபி செத்துப்போனாளடி," என்றாள்.

பிறகு, அதே மூச்சில், "உள்ளுக்கு நிக்கிற பெட்ஷீற் எல்லாம் வெளியில வரட்டும், இல்லாட்டிக் கருகிப்போகும். பிறகு நிப்பாட்டுங்கோ."

கடைசி விரிப்பு வெளியே வரும்வரை யாரும் அசையவில்லை. இயந்திரம் நின்றது. வேலை நேரத்தில் அந்த மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததை யாரும் அறிந்ததில்லை. அமைதிக்குப் பயந்து கஸ்பர் அறையை விட்டு ஓடி வந்தார்.

"என்ன உடைஞ்சது?"

"பேபி மோசம் போயிட்டா அண்ணை. கொஞ்ச நேரம் குந்தப்போறம்."

அவர் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். அது கெட்ட எண்ணமல்ல. அவருடைய கையின் பழக்கம்.

"யோகராணி, ட்ரக் வரப்போகுதெல்லோ. ஹொஸ்பிட்டலில வருத்தக்காரர் வெறும் மெத்தையில கிடக்கேலாது, நீரே சொல்லும்."

"கிடக்க வேண்டாம். ஹொஸ்பிட்டல் சாமானை முன்னுக்கு எடுப்பம். ஹோட்டலைப் பின்னேரத்துக்குத் தள்ளுங்கோ. உல்லாசப் பயணியள் ஒரு நாள் பழைய துவாயால துடைச்சாச் சாகமாட்டினம். நீங்கள் ஹோட்டலுக்கு அடிச்சுச் சொல்லுங்கோ."

"நானோ?"

"ஓம். நான் பாக்கேல்லை. நீங்கள் பாருங்கோ."

கஸ்பர் தலையாட்டினார். அவருக்கும் அந்தச் சொல் புதிது. தொலைபேசிக்குப் போகத் திரும்பியவர், ஒரு தள்ளுவண்டியில் கையை ஊன்றி நின்று, அதில் கிடந்த வெள்ளைத் துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அண்ணை, அது கழுவினது. ஹோட்டல் துவாய்," என்றாள் யோகராணி.

"தெரியும்," என்றார் துவாய்க்குள்ளிருந்து. "திரும்பத் தோய்ப்பம்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே பெரிதாக அழத் தொடங்கினாள். கதிரைகள் போதவில்லை, கவிழ்த்த தொட்டிகளிலும் துணி மூட்டைகளிலும் இருந்தார்கள். பேபி ஒரு முறை தன்னுடைய பொய்ப்பல்லைத் துணியோடு துணியாகத் தோய்க்கப் போட்டதையும், அது ஒரு தலையணை உறைக்குள் பளபளவென்று வந்ததையும் ஒருத்தி சொன்னாள். யோகராணி மட்டும் நடுவில் நின்றாள். யாருக்குத் தண்ணீர், யாருக்குக் கண் துடைக்கக் கடதாசி என்று அவளுடைய கண் தேடிக்கொண்டிருந்தது.

நிலாணி ஒரு கதிரையைக் காலால் தள்ளி விட்டாள். சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, ஒவ்வொரு நாளும் பார்த்து ஒட்டிக்கொண்டது.

"குந்துங்கோக்கா கொஞ்சம்."

யோகராணி இருந்தாள்.

அன்று ட்ரக் கொஞ்சம் பிந்திப் போனது; விரிப்பு எல்லாம் போனது. செத்தவீட்டில் யோகராணி ஒரு வேலையும் செய்யவில்லை என்பதைக் கண்டு சண்முகநாதன் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணீர் அஞ்சலிப் பலகையில் இராஜேஸ்வரி என்ற பெயருக்குக் கீழே படத்தில் சிரித்த பெண்ணிடம், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எடி கள்ளி, எனக்கே சொல்லேல்லை," என்றாள்.

இப்போது பேபியின் மூலையில் நிலாணி நிற்கிறாள். அவர்கள் கொடுக்கும் விரிப்பு இடைக்கிடை கோணிப் போகிறது. "போகட்டும், திரும்பக் குடுப்பம்," என்கிறாள் யோகராணி. சொல்லிவிட்டு அன்று முழுக்க அந்த ஒரு விரிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் அவளே எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பத்தேகாலுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் போகிறாள். நேற்று நிலாணி கதவடியில் வந்து நின்றாள்.

"குஷனைத் தாங்கோக்கா. ஒரு பக்கம்தானே, அஞ்சு நிமிசத்தில தைச்சுத் தாறன்."

"கிடக்கட்டும்."

யோகராணி முதலில் உள்ளங்கையால் குஷனை மெல்லத் தடவிப் பார்த்தாள். ஊசி அகப்பட்டது. அதற்கு இந்தப் பக்கமாக ஒதுங்கி இருந்து, காலை நீட்டி, இரண்டு கண்ணையும் மூடினாள். துவாய்த் துண்டுகள் பின்னால் வழிந்தன. குஷனின் நாலாவது பக்கம் இன்னும் தைக்கவில்லை.